புள்ளி விழுகிறதா பார்

பிரிக்பீல்ட்ஸ்,
கோலாலம்பூர்.

அன்புள்ள பாப்பா,

உன் குரல் பதிவுகளைக் கேட்டேன். பள்ளி முடிந்து வந்த கையோடு, பசியாறக்கூட உட்காராமல் அடுப்படியில் நின்றபடியே பேசியிருக்கிறாய். முதலில் வேளைக்குச் சாப்பிடு. தீபாவளிக்கு வந்திருந்தபோதே உன் முகம் வாடிக் கிடந்தது, அண்ணிகூடக் கவலைப்பட்டாள். ஸ்டைலஸ் பேனா ஒன்றும் ஓடிப்போய்விடாது.

நீ அனுப்பிய விளம்பரப் படத்தையும் பார்த்தேன். முப்பது நாற்பது வெள்ளிக்கு ஒரு பேனா, இன்று நள்ளிரவோடு சலுகை முடிகிறது, வாங்கட்டுமா என்று கேட்கிறாய். வாங்காதே என்று ஒரே வார்த்தையில் சொல்லிவிடலாம். ஆனால் ஏன் என்று தெரியாவிட்டால் அடுத்த சலுகைக்கு மறுபடியும் இதே கேள்வியோடு வருவாய். உன்னை எனக்குத் தெரியாதா? அதனால்தான் வாட்ஸ்அப்பை விட்டுவிட்டு உட்கார்ந்து எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

நீ ஒரே மூச்சில் இரண்டு ஆசை சொன்னாய். பிள்ளைகளின் பயிற்சித்தாள்களை ஐபேடில் வைத்தே திருத்த வேண்டும், பாடக்குறிப்பு எழுத வேண்டும் என்பது ஒன்று. முதலாம் ஆண்டுப் பிள்ளைகளுக்கு அப்பா எழுதியதுபோல அழகாக எழுத்து எழுதிக் காட்ட வேண்டும் என்பது மற்றொன்று. பாப்பா, இவை இரண்டும் வேறு வேறு வேலை. திருத்துவதற்கு ஏறக்குறைய எந்தப் பேனாவும் போதும். அப்பாவின் எழுத்துக்குப் போதாது.

அப்பா ஜாலான் தெங்கு கிளானா கடைகளுக்குப் பலகை எழுதிய நாள்களை நினைத்துப் பார். இனாமல் பெயிண்ட் டின்னைப் பிடித்துக்கொண்டு நாம் இரண்டு பேரும் ஏணிக்குக் கீழே நிற்போம். ‘அ’வின் வயிற்றில் வரும்போது தூரிகையை அழுத்துவார், கோடு பருக்கும், வாலுக்கு வரும்போது மெல்லத் தூக்குவார், கோடு மெலிந்து தானாக முடியும். அந்தத் தடிப்பும் மெலிவும்தான் அவர் எழுத்து. திரையிலும் அது வர வேண்டுமானால், எவ்வளவு அழுத்துகிறாய் என்பதைப் பேனா ஐபேடுக்குச் சொல்ல வேண்டும். கடையில் இதைப் ‘பிரஷர்’ என்பார்கள். அது இல்லாத பேனாவில் நீ எப்படி அழுத்தினாலும் கோடு ஒரே தடிமன்தான். மென்பொருள் சில சமயம் வேகத்தை வைத்து மெலியவைத்துக் காட்டும். அது உன் கையிலிருந்து வருவதில்லை, உனக்கு உடனே தெரிந்துவிடும்.

இனி நீ அனுப்பிய பேனாவுக்கு வருகிறேன். அந்த விளம்பரத்தில் ‘எல்லாத் திரைக்கும் பொருந்தும்’ என்று போட்டிருக்கிறது. எல்லாவற்றுக்கும் பொருந்துகிற பேனா பெரும்பாலும் வெறும் விரலுக்குப் பதிலாள்தான். தொடுதிரை, விரல் பட்டால் அந்த இடத்தில் ஏற்படும் மின்னேற்ற மாற்றத்தைக் கண்டுபிடிக்கிறது. அதனால்தான் அந்தப் பேனாக்களின் முனை பருத்த ரப்பராக இருக்கும், அல்லது முனையில் ஒரு கண்ணாடிபோன்ற வட்டத் தகடு இருக்கும். விரலளவு இடம் தொட்டால்தான் திரைக்குப் புரியும். உன் உள்ளங்கை பட்டாலும் அதற்கு அதுவும் விரல்தான். கையைத் தூக்கிக்கொண்டே எழுத வேண்டும். ஒரு வகுப்பின் தாள்களைத் திருத்தி முடிப்பதற்குள் தோள் இற்றுப்போகும். உனக்கு ஏற்கெனவே கட்டைவிரல் மூட்டு வலி. வேண்டவே வேண்டாம்.

அடுத்தது, மற்ற நிறுவனங்கள் ஐபேடுக்கென்றே செய்யும் பேட்டரிப் பேனாக்கள். மெல்லிய முனை, சார்ஜ் போட வேண்டும். 2018இலிருந்து வந்த ஐபேடுகளில் இவை நன்றாகவே வேலை செய்கின்றன. உள்ளங்கையை வைத்து எழுதலாம், சிலவற்றில் பேனாவைச் சாய்த்தால் பென்சிலைச் சாய்த்ததுபோல நிழலும் விழும். லாஜிடெக்கின் கிரேயான் இந்த வகையில் நம்பகமானது, அதற்குக் கீழே நிறைய மலிவானவையும் இருக்கின்றன. திருத்துவது மட்டும்தான் உன் வேலை என்றால் இதோடு கடிதத்தை முடித்திருப்பேன். ஆனால் இவற்றில் பிரஷர் கிடையாது.

இப்போது சொல்லப்போவதைக் கவனமாகப் படி. பல பேர் ஏமாறுவது இங்கேதான். ஆப்பிளே 2023 நவம்பரில் யுஎஸ்பி-சி பென்சில் என்று ஒன்றைக் கொண்டுவந்தது. பெட்டியில் ஆப்பிள் பெயர், அழகான வெள்ளை, பக்கத்தில் காந்தத்தால் ஒட்டிக்கொள்ளும். அதிலும் பிரஷர் இல்லை. பெயரைப் பார்த்து ஓவியத்துக்கென்று வாங்கிவிட்டு, கோடு பருக்கவில்லையே என்று என்னிடம் வந்து நின்றவர்கள் இருக்கிறார்கள். 2018இல் வந்த இரண்டாம் தலைமுறைப் பென்சிலில் பிரஷர் இருக்கிறது, ஆனால் உன் ஐபேடில் அது இணையாது. 2024 மே மாதம் வந்த பென்சில் ப்ரோ எல்லாவற்றிலும் சிறந்தது. அதை விரலுக்குள் உருட்டினால் திரையில் தூரிகையும் திரும்பும். பட்டை நிப்பால் எழுதுகிறவர்களுக்கு அது பெரிய வரம். அதுவும் உன்னுடையதில் இணையாது. புதிய ஐபேட் ப்ரோ, ஏர், மினி வைத்திருப்பவர்களுக்குத்தான்.

மாப்பிள்ளை உனக்கு வாங்கித் தந்தது 2022இல் வந்த பத்தாம் தலைமுறை ஐபேட் என்று நினைக்கிறேன். செட்டிங்ஸில் போய் மாடல் பெயரைப் பார்த்து எனக்கு அனுப்பு, ஊகத்தில் எதையும் வாங்கக் கூடாது. அதுவாகவே இருந்தால் அதற்குப் பிரஷரோடு ஒத்துப்போகும் ஆப்பிள் பென்சில் ஒன்றே ஒன்றுதான்: 2015இல் வந்த முதல் பென்சில். ஆமாம், பழையதுதான். உருண்டையாக இருக்கும், மேசையில் வைத்தால் உருண்டு விழும், மூடியைக் கழற்றிச் சார்ஜ் போட வேண்டும். உன் ஐபேடில் இருப்பது யுஎஸ்பி-சி துளை என்பதால் இணைப்பதற்கும் சார்ஜ் போடுவதற்கும் ஒரு சின்ன அடாப்டரும் வேண்டும். பிற்பாடு வந்த பெட்டிகளில் அடாப்டரைக் கூடவே வைக்கிறார்கள். பழைய சரக்கில் இருக்காது, கேட்டு வாங்க வேண்டும். ஆனால் பாப்பா, அந்தப் பழைய பென்சில் கையின் கனத்தை அப்படியே எடுத்துக்கொள்கிறது. அழகுக்காக யுஎஸ்பி-சி பென்சிலை வாங்குவதைவிட இந்த அசௌகரியத்தை நீ பொறுத்துக்கொள்ளலாம். என் தீர்ப்பு அதுதான்.

ஆனாலும் என் பேச்சை மட்டும் நம்பி வாங்காதே. கடையில் மாதிரிக்கு வைத்திருக்கும் ஐபேடில் எழுதிப் பார். அங்கே எல்லோரும் தங்கள் பெயரைக் கையெழுத்துப் போட்டுப் பார்த்துவிட்டுப் ‘பரவாயில்லை’ என்று வந்துவிடுவார்கள். கையெழுத்து எந்தப் பேனாவிலும் நன்றாகத்தான் வரும், வேகமாகப் போடுவதால். நீ தமிழ் எழுது. மெய்யெழுத்துப் பதினெட்டையும் வழக்கமான வேகத்தில், சின்னதாக எழுது. க், ங், ச் என்று எழுதிக்கொண்டே போ. பிறகு புள்ளிகளை எண்ணு.

எண்ணச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. மலிவான பேனாக்களில் முனை திரையில் லேசாகப் பட்டு எடுத்தால் பல நேரம் பதிவதில்லை. ஓரளவு அழுத்தினால்தான் கோடு தொடங்கும். ஆங்கிலம் எழுதுகிறவனுக்கு ‘ஐ’க்கும் ‘ஜே’க்கும் மேலே ஒரு புள்ளி போனால் ஒன்றும் குடிமுழுகாது. நமக்குப் புள்ளி போனால் எழுத்தே மாறிவிடும். அந்தக் காலத்தில் ஓலையில் எழுத்தாணியால் குத்தினால் ஏடு கிழியும் என்று புள்ளியை விட்டுவிட்டு எழுதினார்கள். பின்னால் வந்தவர்கள் மெய்யா உயிர்மெய்யா என்று இடம் பார்த்து ஊகிக்க வேண்டியிருந்தது. உ.வே. சாமிநாதையர் 1887இல் சீவக சிந்தாமணியை அச்சில் கொண்டுவருவதற்குள் அப்படிப்பட்ட ஏடுகளோடு பட்ட பாட்டைத் தமிழாசிரியை உனக்கு நான் சொல்ல வேண்டுமா? முதலாம் ஆண்டுப் பிள்ளை நீ எழுதியதைப் பார்த்துத்தான் எழுதும். உன் பேனா ஒரு புள்ளியை விழுங்கினால் அது அந்தப் பிள்ளையின் நோட்டில் போய் நிற்கும்.

அடுத்து ‘ணு’, ‘ழு’, ‘ஞ’, ‘ஜ’ எழுது. சின்னச் சுழி சுழியாகவே வருகிறதா, மூலை தட்டிக் கோணலாகிறதா, உள்ளே அடைத்துக்கொள்கிறதா என்று பார். கடைசியாக ஒரு ரூலரை வைத்து, சாய்வாக ஒரு கோட்டை மிக மெதுவாக இழு. சில பேனாக்களில் அந்தக் கோடு அலை அலையாக நெளியும். திரைக்கு அடியில் இருக்கும் கம்பிகளுக்கு இடையே முனை எங்கே நிற்கிறது என்பதை ஐபேட் கணக்குப் போட்டுத்தான் கண்டுபிடிக்கிறது. அந்தக் கணக்குப் பிசகினால் நெளிவு வரும். வேகமாக இழுத்தால் தெரியவே தெரியாது. பிள்ளைகளுக்கு எழுதிக் காட்டும்போது நீ மெதுவாகத்தானே எழுதப்போகிறாய்? அதனால் இந்தச் சோதனையை விட்டுவிடாதே. விற்பனையாளர் அவசரப்படுத்தினால் நகர்ந்துவிடாதே, நின்று இழுத்துப் பார். நீ எப்போதும் பிறருக்குத் தொல்லையாகிவிடுமோ என்று பயந்தே பாதியில் வந்துவிடுவாய்.

உன் ஐபேடைப் பற்றி ஒன்று சொல்லிவிடுகிறேன், பிறகு ஏமாற்றமாகத் தெரியக் கூடாது. அந்த மாடலில் மேல் கண்ணாடிக்கும் படம் தெரியும் பலகைக்கும் நடுவில் சின்ன இடைவெளி உண்டு. முனை ஓரிடத்திலும் கோடு மயிரிழை தள்ளியும் விழுவதுபோல் தோன்றும். நேராகக் குனிந்து எழுதினால் குறையும், கொஞ்ச நாளில் கைக்குப் பழகிவிடும். அதற்காக விலை கூடிய ஐபேட் வாங்க வேண்டும் என்று நான் சொல்லமாட்டேன்.

கையைப் பற்றித்தான் எனக்குக் கவலை. சின்ன வயதிலிருந்தே நீ பென்சிலைக் கழுத்தை நெரிப்பதுபோலப் பிடிப்பாய், முனை ஒடியும் வரை அழுத்துவாய்; அப்பா எத்தனை தடவை உன் விரலைத் தளர்த்திவிட்டிருக்கிறார். கண்ணாடி வழுக்கும் என்பதால் இன்னும் இறுக்கிப் பிடிக்கத் தோன்றும். பேனாவின் மேல் மாட்டும் ரப்பர்ப் பிடி கொஞ்சம் பருத்ததாக வாங்கிக்கொள், விலை அதிகமில்லை. உருண்டு விழுவதும் நிற்கும். காகிதம்போல் சொரசொரப்பான திரை ஒட்டி கிடைக்கிறது. அது கைக்கு நிதானம் தரும், எழுத்து உடனே திருந்தும். ஆனால் திரையின் தெளிவு சற்று மங்கும், பென்சில் முனையும் சீக்கிரம் தேயும். முனை திருகிக் கழற்றி மாற்றக்கூடியதுதான். தேய்ந்த முனையோடு எழுதிக்கொண்டே இருந்து திரையைக் கீறிவிடாதே. நம் ஊர் வெக்கையில் உள்ளங்கை வியர்த்து ஒட்டும். சுண்டு விரலும் மோதிர விரலும் மட்டும் மூடும் ஓவியர் கையுறை ஒன்று போட்டுக்கொண்டால் கை ஒட்டாமல் நகரும். என் கடையில் நான் வாக்கம் வரைபலகையில் கல்யாண அட்டை வரையும்போது அதைப் போடாமல் உட்கார்வதே இல்லை.

இன்னொன்று, பள்ளி விடுமுறையில் பென்சிலை அலமாரியில் மறந்துவிடாதே. பேட்டரி முழுக்க வடிந்து மாதக்கணக்கில் கிடந்தால் பிறகு சார்ஜே ஏறாமல் போய்விடலாம். மாதம் ஒரு தடவையாவது போட்டு வை.

இனி என் மருமகளைப் பற்றி. அவள் பெயரை நீ ஒரு தடவைகூடச் சொல்லவில்லை, ஆனால் உன் ஐபேடை இரவில் எடுத்து வைத்துக்கொள்கிறாள் என்று புலம்பினாய். அவள் போனில் ஐபிஸ் பெயிண்டில் விரலாலேயே வரைந்தவற்றை எனக்கு அனுப்புகிறாள், தெரியுமா? படிவம் நான்கில் படிக்கும் பிள்ளை விரலால் அப்படிக் கண் வரைகிறாள் என்றால் அதை நாம் சாதாரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது. உன்னிடம் சொன்னால் படிப்பு கெடும் என்பாய் என்று பயப்படுகிறாள். திட்டாதே, கூப்பிட்டு உட்காரவைத்துப் பார்.

அவளுக்கு ஐபேட் வேண்டாம் என்பது என் எண்ணம். சாம்சங்கில் எஸ் பென்னோடு வரும் டேப்லெட் வாங்கலாம்; 2020இல் வந்த டேப் எஸ்6 லைட்டும் அதன் பின் வந்த பதிப்புகளும் அவளுக்குத் தாராளம். பேனா பெட்டியிலேயே இருக்கும், தனிச் செலவில்லை. வரைவதற்கு அந்தப் பேனாவுக்குச் சார்ஜே வேண்டாம். திரைக்கு அடியில் உள்ள கம்பி வலை ஒரு காந்தப்புலத்தை உண்டாக்குகிறது. பேனாவுக்குள் இருக்கும் சின்னச் சுருள் அதிலிருந்தே சக்தி எடுத்துக்கொண்டு பதில் சொல்கிறது. 1983இல் ஜப்பானில் தொடங்கிய வாக்கம் நிறுவனத்தின் நுட்பம் அது. என் மேசையில் இருப்பதும் அதேதான். அழுத்தத்தில் 4096 படிகள். லேசாகத் தொட்டாலே கோடு விழும், பதினெட்டுப் புள்ளியும் தப்பாது. கிரிட்டா என்ற நல்ல மென்பொருள் இலவசம். ஒன்று மட்டும்: விலை குறைவு என்று டேப் ஏ9 பக்கம் போய்விடாதே. பார்க்க ஒன்றுபோலவே இருக்கும், எஸ் பென்னை ஏற்காது.

மாப்பிள்ளை செலவைக் கேட்டு முகம் சுளித்தால் ஒன்று சொல். வருமான வரியில் ‘காயா ஹிடுப்’ என்று 2,500 வெள்ளி வரை கழிவு இருக்கிறதல்லவா, புத்தகம், இணையக் கட்டணத்தோடு பிள்ளைக்கு வாங்கும் டேப்லெட்டும் அதற்குள் வரும். ரசீதைப் பத்திரமாக வை. மீதிக்கு நான் இருக்கிறேன், பாதிப் பணம் மாமன் தருகிறான் என்று அவளிடமே சொல்லிவிட்டேன். அதற்காக என்னோடு சண்டைக்கு வராதே.

பென்சில் வந்த பிறகு என்ன செய்யப்போகிறாய் என்று யோசித்தாயா? புரோகிரியேட் என்ற மென்பொருளை ஒரே ஒரு தடவை காசு கொடுத்து வாங்கிக்கொள், மாதாமாதம் கட்ட வேண்டியதில்லை. அடியில் ஒரு படலத்தில் ‘தமிழ் சங்கம் எம்என்’ எழுத்துருவை மங்கலான சாம்பல் நிறத்தில் பெரிதாக வை, அதன் மேல் படலத்தில் உன் கையால் எழுது. அந்த எழுத்துருவை வடித்தவர் நம் முத்து நெடுமாறன். 1985இல் முரசு மென்பொருளோடு கணினித் தமிழ்ப் பணியைத் தொடங்கியவர், இந்த மண்ணிலிருந்து. அவர் எழுத்தின் அளவுகள் உனக்கு நல்ல கைத்தாங்கல். ஆனால் அதையே நகலெடுக்காதே, அச்செழுத்து வேறு, பிள்ளை எழுத வேண்டிய எழுத்து வேறு. எங்கே தொடங்குகிறது, எந்தப் பக்கம் சுழல்கிறது, எங்கே கை எடுக்க வேண்டும் என்பதை அச்சு காட்டாது. நீ எழுதுவதை ஐபேடிலேயே திரைப் பதிவு செய்து வகுப்பில் ஓட்டிக் காட்டு. ‘ஐ’யையும் ‘ஔ’வையும் எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாமல் முழிக்கும் பிள்ளைகளுக்கு அது எவ்வளவு உதவும்! அப்பா பலகையில் எழுதிய ‘அ’ எப்படித் தொடங்கும் என்று எனக்கும் உனக்கும் மட்டும்தான் இப்போது தெரியும். அதை நீ உன் பிள்ளைகளிடம் கொண்டுபோக வேண்டும் என்று நான் உண்மையிலேயே ஆசைப்படுகிறேன். உன் ஆசையைக் கேட்டதிலிருந்து எனக்குத் தூக்கம்கூடச் சரியாக வரவில்லை.

எல்லாத் தாளையும் திரையில் திருத்துகிறேன் என்று மட்டும் கிளம்பாதே. நாள் முழுக்க வெளிச்சத்தைப் பார்த்தால் கண் என்ன ஆகும்? சிவப்புப் பேனாவும் தாளும் அங்கேயே இருக்கட்டும். இரவு பத்து மணிக்கு மேல் ஐபேடைத் தொடாதே.

வருகிற சனிக்கிழமை மருமகளையும் கூட்டிக்கொண்டு கிள்ளானில் கொமுட்டர் ஏறி கேஎல் சென்ட்ரலுக்கு வந்துவிடு. காரில் வராதே, புக்கிட் பிந்தாங் பக்கம் சனிக்கிழமை நிறுத்த இடம் கிடைக்காது. என்யு சென்ட்ரல் வழியாக நடந்து மோனோரெயிலில் இம்பி வரை போனால் லோயாட் பிளாசா பக்கத்தில்தான். கடைகள் நிறைய, விலையும் கடைக்குக் கடை மாறும். ஆப்பிள் பென்சிலைப்போலவே செய்த போலிகளும் சந்தையில் புழங்குகின்றன. கடைக்காரர் பெட்டியைப் பிரித்ததும் உன் ஐபேடிலேயே இணைத்து, நோட்ஸில் அழுத்தியும் தளர்த்தியும் ஒரு கோடு போட்டுப் பார்த்துவிட்டுத்தான் காசு கொடுப்போம். மதியம் இங்கே வந்து வாழையிலைச் சாப்பாடு. அண்ணிக்கு உன்னோடு பேச நிறைய இருக்கிறதாம்.

ஐபேடை முழுக்கச் சார்ஜ் போட்டு எடுத்து வா. மாடல் பெயரை இன்றைக்கே அனுப்பு. அந்தச் சலுகைக் கூடையில் போட்டு வைத்திருக்கும் பேனாவை இப்போதே நீக்கிவிடு.

அன்புடன்,
உன் அண்ணன்

பி.கு.: ரூலரை நான் கொண்டுவருகிறேன். மெய்யெழுத்து எழுதிப் பார்ப்பதை மருமகளே செய்யட்டும். புள்ளியை நீ எண்ணு.